உதவி: வெளிநாட்டில் இருந்து வாக்காளர் பதிவு – அவசரம்

கடலோரத் தம்பி:
வணக்கம். இந்த முறை வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) என் பெயர் இல்லையாம், வீட்டில் இருந்து சொன்னார்கள். போன முறை இருந்தது. நான் வெளிநாட்டில். இங்கிருந்தே எப்படிப் பதிவது? லிங்க் இருந்தால் போடுங்கள், அவசரம்.

சென்னை வாசி:
ரொம்ப சுலபம். தேர்தல் ஆணையத் தளத்தில் படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட் நகலை ஏற்றுங்கள்.

உவர்மலையான்:
அண்ணே, அது இந்தியா. இவர் இலங்கை, திருக்கோணமலை ஆள். தம்பி, எந்த நாட்டில் நிற்கிறீர்கள்? எந்த ஜி.எஸ். (கிராம சேவகர்) பிரிவு? வேலைக்குப் போனதா, குடியுரிமையே மாறிவிட்டதா?

அலஸ்தோட்டம் அக்கா:
தூதரகத்தில் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் புதுப்பிப்பதே அங்கேதானே, இதுவும் அங்கே இருக்கும்.

பழைய பென்சனியர்:
இருக்காது பிள்ளை. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இலங்கையில் வழியே கிடையாது. தபால் வாக்கு அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றோருக்குத்தான். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன்: கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. நாடு சொல்லாமல், ஊர் சொல்லாமல் ‘அவசரம்’ என்றால் நாங்கள் சாத்திரமா பார்ப்பது? முப்பது வருடம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்தவன் சொல்கிறேன், முதலில் தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். வீட்டில் சொன்னார்கள் என்பது ஆதாரம் ஆகாது.

கிண்ணியா நானா:
எனக்கென்றால் ஜி.எஸ். மேலேதான் சந்தேகம். வீட்டில் ஆள் இல்லை என்று வெட்டியிருப்பார்.

உவர்மலையான்:
வெட்டினார் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது வீட்டுத் தலைவர். வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போனவரையும் நிரந்தர வதிவிடம் இங்கே என்றால் அதில் எழுதலாம். எங்கள் வீட்டில் என் தம்பி கட்டாரில் என்று அப்பா அவன் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான் போயிற்று. நீக்கப்போகும் பெயர், சேர்க்கப்போகும் பெயர் இரண்டையும் காட்சிக்கு வைப்பார்கள். அந்த நாட்களுக்குள் வீட்டார் உரிமைக் கோரிக்கை (பெயரைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம்) கொடுக்க வேண்டும். தம்பி, அந்த நேரம் முடிந்துவிட்டதா?

கடலோரத் தம்பி:
கட்டார். வேலை. அடையாள அட்டை இருக்கிறது. நேரம் தெரியாது.

நிலாவெளிப் பிள்ளை:
உண்மையைச் சொல்லுங்கள், ஓட்டுக்கா, பிள்ளையின் முதலாம் ஆண்டு பள்ளி அனுமதிக்கா? பள்ளிக்கூடத்தில் கடைசி ஐந்து வருட இடாப்பைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். இங்கே பாதிப் பேருக்குப் பெயர் ஞாபகம் வருவது பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதுதான்.

டொரொண்டோ மாமா:
கட்டாரில் நின்று காசு அனுப்பலாம், வாக்குப் போடக்கூடாதா? இது என்ன நியாயம்? எங்களுக்கும் உரிமை வேண்டும்.

பழைய பென்சனியர்:
நீங்கள் கனேடியக் குடியுரிமை எடுத்த அன்றே இங்கத்தையது போய்விட்டது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து எடுத்தீர்களா? எடுத்திருந்தால் பதியலாம், வந்து போடலாம். 2022 இன் 21ஆம் திருத்தத்தோடு பாராளுமன்றத்தில் இருக்கத்தான் முடியாது.

டொரொண்டோ மாமா:
நான் பாராளுமன்றம் கேட்கவில்லை.

கிண்ணியா நானா:
மாவட்டத்தின் நாலு பாராளுமன்ற ஆசனத்துக்கு இங்கே நாங்கள் அடிபடுகிறோம். சேருவில, மூதூர், திருக்கோணமலை மூன்று தொகுதிக்கும் வெளியில் இருந்து வாக்கு வந்தால் கணக்கே மாறிவிடும். இங்கே வெள்ளத்தில் நிற்பது யார், அங்கே நிற்பது யார்?

சென்னை வாசி:
6ஏ நிரப்பினாலும் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும், ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு. நாங்களும் உட்கார்ந்த இடத்தில் போடுவதில்லை.

டொரொண்டோ மாமா:
டிக்கெட் காசை யார் தருவது?

உவர்மலையான்:
இதற்குத் தனி இழை திறங்கள் மாமா. தம்பி, அம்மாவையோ மனைவியையோ ஜி.எஸ்.இடம் அனுப்புங்கள். உங்கள் அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் நகல், பழைய இடாப்பில் பெயர் இருந்த பக்கம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். ஜி.எஸ். மழுப்பினால் மாவட்டத் தேர்தல் அலுவலகம். வாக்களிக்க லீவு எடுத்துத்தான் வர வேண்டும்.

அலஸ்தோட்டம் அக்கா:
வாக்காளர் அட்டை வீட்டுக்கு வராவிட்டால்?

உவர்மலையான்:
பட்டியலில் பெயர் இருந்தால் போதும் அக்கா, அடையாள அட்டையோடு போகலாம். செல்லுபடியான பாஸ்போர்ட்டும் ஏற்பார்கள்.

கடலோரத் தம்பி:
மனைவி போனார். அம்மாதான் என் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார். கோரிக்கை எடுத்துக்கொண்டார்கள். நன்றி. பள்ளிக்கூடத்துக்குத்தான்.