கரைப்பறவையா, வற்றுநிலப் பறவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பறவைகள், மணல்மேட்டு உயிர்கள் பற்றி நம் குழு தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலை முழுதும் படித்தேன். அலையும் காற்றும் குவித்த மணலுக்குச் சங்கப் பாடல்களின் ‘எக்கர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு என் வாக்கும் உண்டு. அடும்பு படர்ந்த எக்கர் என்று சொன்னாலே இடம் கண்ணில் தெரிகிறது. என் மறுப்பு ஒரே ஒரு சொல்லுக்குத்தான்: நீர் விலகிய ஈரத்தில் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி, ஆள்காட்டி போன்ற பறவைகளுக்கு வைத்திருக்கும் ‘கரைப்பறவை’. அதை ஆதரித்து ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘ஷோர்பேர்ட்’ என்பதற்கு நேர்ச்சொல் கரைப்பறவை. அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கடலோரத்தில் இருந்து பார்த்தால் இதில் குறை தெரியாது, ஐயா. நான் எழுதுவது பழைய வட ஆற்காட்டிலிருந்து. இங்கே ‘கரை’ என்றால் ஏரிக்கரை. மண்ணைக் கொட்டி உயர்த்தி, நீர்ப்பக்கம் கல் பதித்து, மேலே பனையும் புளியும் நிற்கிற கரை. போன ஜனவரியில் சில பள்ளிப் பிள்ளைகளைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு அழைத்துப்போனேன். “கரைப்பறவை எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கரிச்சான் 6, மைனா 11, பனங்காடை 2. அவள் எண்ணியதில் ஒரு தவறும் இல்லை. கரையில் இருந்த பறவைகளைத்தான் எண்ணியிருந்தாள்.

நான் காட்ட நினைத்த பறவைகள் எதிர்ப்பக்கம், ஏரியின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பகுதியில் இருந்தன. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் மாடுகள் நடந்துபோன குளம்படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர். அந்தக் குழிகளுக்கு நடுவே கொசு உள்ளான்கள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. சிட்டுக்குருவி அளவு உடம்பு, 30 கிராம்கூடத் தேறாது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. அலகு சேற்றில் இறங்குவதும் ஏறுவதும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கால் வைத்த இடத்தில் நீர் ஊறி, ஒரு நொடி மினுங்கி அடங்கியது. கரைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு இரை தேடும் உள்ளான் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றை வைத்து மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் வைக்க முடியாது.

இதே பறவைகளுக்கு உள்ள ‘வேடர்’ என்ற இன்னொரு ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தால் தமிழில் வேட்டைக்காரர் ஆகிவிடும். அதை மொழிபெயர்த்து ‘நீரில் நடக்கும் பறவை’ என்றால் நாரையும் கொக்கும் முன்னால் வந்து நிற்கும். அமெரிக்க ஆங்கிலத்திலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. அங்கே ‘வேடிங் பேர்ட்’ என்பது கொக்கு, நாரை வகைகளைத்தான் குறிக்கிறது.

இரை எடுக்கும் விதத்தை வைத்துப் பெயர் சூட்டலாமா என்றும் யோசித்தேன். சரிப்படவில்லை. உள்ளான்களுக்கு அலகின் நுனியில் தொடுவுணர்வு அதிகம். சேற்றுக்குள் இருக்கும் புழுவைக் கண்ணால் பார்க்காமலே எடுத்துவிடும். கோரைக்குள் பதுங்கும் நீண்ட அலகுக்காரன், அலகு முழுக்க மண்ணுக்குள் இருக்கும்போதே அதன் நுனியை மட்டும் திறக்கும். உப்புக்கொத்தி அப்படி இல்லை. பெரிய கண், ஓடும், சட்டென்று நிற்கும், பார்த்துக் கொத்தும். அப்புறம் ‘உள்ளான்’ என்பதையே பொதுப்பெயராக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மக்கள் வாயில் உள்ள அருமையான சொல்தான். ஆனால் இதே கூட்டத்தைச் சேர்ந்த ஆள்காட்டிக் குருவியை யாரும் உள்ளான் என்று சொல்வதில்லையே.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது இடம். நீர் விலகி, ஈரம் விலகாத இடம். கடலோரத்தில் அது நாளுக்கு இருமுறை திறந்து மூடுகிறது. எங்கள் ஏரியில் ஆண்டுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும், தையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அங்கே ஆறு மணி நேரத்தில் நடப்பது இங்கே நாலைந்து மாதத்தில் நடக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தைக் கடலோரத்தில் ஏற்றம், வற்றம் என்பார்கள். எங்கள் ஊரில் “ஏரி வத்துது” என்கிறோம். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றே. எனவே என் முன்மொழிவு: அந்த இடம் வற்றுநிலம், அதை நம்பி வாழும் இந்தப் பறவைகள் வற்றுநிலப் பறவைகள். இதை நான் முன்பு சொன்னபோது ஒருவர் கேட்டார்:

> வற்றுநிலம் என்றால் வறண்ட நிலம் என்று நினைத்துவிட மாட்டார்களா? ‘சேற்றுவெளி’ போதுமே.

நல்ல கேள்வி. கிணறு வற்றும், நாக்கு வறளும். வற்றுவது நீரின் செயல், வறள்வது ஈரம் போனபின் வரும் நிலை. பேச்சில் யாரும் இதை மாற்றிச் சொல்வதில்லை. வற்றுநிலம் வினைத்தொகையும் ஆகிறது: நேற்று வற்றிய நிலம், இன்று வற்றுகிற நிலம், நாளை வற்றும் நிலம். பறவைகள் அந்த ஓரத்தோடுதான் நாளுக்கு நாள் நகர்கின்றன. சென்ற வாரம் மேய்ந்த இடம் இன்று வெடித்துப் பாளமாகிக் கிடக்கும். கொசு உள்ளான் அதன்மேல் கால்கூட வைக்காது. மூன்று காலத்தையும் ஒரு சொல்லில் அடக்க வேறு எந்த வடிவம் நமக்கு உதவும்?

‘சேற்றுவெளி’ என்றால் இங்கே சேடை ஓட்டிய நெல் வயல்தான் நினைவுக்கு வரும். தவிர, எல்லா இடமும் சேறு இல்லை. அலை பின்வாங்கும்போது கூடவே ஓடி, அடுத்த அலைக்கு முன் திரும்பி ஓடிவரும் வெளிறிய சிறு உள்ளானுக்கு வேண்டியது ஈர மணல். ஓதத்தை வைத்துச் சொல் செய்யலாம் என்ற கோடியக்கரை நண்பர் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். உங்கள் பக்கத்துப் பெரிய சதுப்பும் கோடையில் வற்றுகிறது. ஓதம் மட்டுமே வைத்துச் சொல் செய்தால் உங்கள் ஊரே வெளியில் போய்விடும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். நான் போகும் ஏரி அந்த ஆண்டு உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிய நின்றது. நீர்க்காகமும் வாத்தும் வந்தன. ஊரே மகிழ்ந்தது, நானும்தான். ஆனால் அந்தத் தையில் ஒரு கொசு உள்ளானைக்கூட நான் பார்க்கவில்லை, கால் வைக்க இடம் இல்லை. நிறைந்த ஏரிதான் பறவைக்கு நல்லது என்று நாமெல்லாம் நினைக்கிறோம். இறங்கும் ஏரியும் அதே அளவு வேண்டும். இதைச் சொல்ல நம்மிடம் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது ‘காய்ந்த ஏரி’, சும்மா கிடக்கும் இடம். போன மாசியில் அதே உள்வாயில் இடித்த கட்டடத்தின் கழிவை லாரியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். ஆள்காட்டி ஒன்று அந்தக் குவியலைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. கொட்டியவரிடம் கேட்டேன். “இங்க என்னங்க இருக்கு, வெறும் சேறுதானே?” என்றார். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த சொல் அன்று என்னிடம் இல்லை.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

வற்றுநிலம்: கடல், உப்பங்கழி, ஆறு, ஏரி ஆகியவற்றில் நீர் விலகியதும் வெளிப்படும், ஈரம் மாறாத சேறு அல்லது மணல்.

வற்றுநிலப் பறவை: உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி, ஆள்காட்டி முதலியவற்றின் பொதுப்பெயர்.

‘கரைப்பறவை’யை நீக்கச் சொல்லவில்லை, பக்கத்திலேயே இருக்கட்டும். கடலோர நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏற்றத்தின்போது மேய இடம் இல்லாமல் இந்தப் பறவைகள் கூட்டமாக மணல்மேட்டில் ஒதுங்கி, ஒற்றைக் காலில் நீர் இறங்கக் காத்து நிற்குமே, அந்த இடத்துக்கு மீனவர்கள் ஏதாவது பெயர் சொல்கிறார்களா? ஏரியில் ஏற்றம் இல்லாததால் எங்களிடம் அதற்குச் சொல் கிடையாது. கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
வட ஆற்காட்டு ஏரிக்காரன்