ஏற்காட்டில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற டீசல் பிக்கப், சேலத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கிறது

நாகலூர் தோட்டம்:

வணக்கம். 2018 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். நாலு சிலிண்டர், காமன் ரெயில், டர்போ, பிஎஸ் 4. இதுவரை 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடும் தோட்டமும் ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். காபி மூட்டை, மிளகு, ஆரஞ்சு என்று வாரத்துக்கு மூன்று நாளாவது சேலம் இறங்கி ஏறுகிற வண்டி.

கார்த்திகை பிறந்ததிலிருந்து தொல்லை. காலை ஐந்தரைக்கு செல்ஃப் அடித்தால் எடுக்காது, ஒவ்வொரு தடவையும் பத்து செகண்ட் என்று நாலு தடவை அடித்த பிறகு ஒரு உதறலோடு எடுக்கும், எடுத்ததும் வண்டியே குலுங்குகிற மாதிரி மிஸ்ஸிங், பின்னால் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடை கண்ணை எரிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். லோடோடு மலை ஏறும்போது சில கொண்டை ஊசி வளைவில் இழுவை விட்டு விட்டு வருகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். சேலத்தில் லோடு இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் அரை செல்ஃபில் எடுக்கிறது. அங்கேயே அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி நிறுத்தியபோதும் காலையில் பிரச்சினை இல்லை. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான். டீசல் ஃபில்டர் ஐப்பசியில் மாற்றியாகிவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, 60,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். காபி எடுப்பு நடக்கிற நேரம், வண்டியை நிறுத்தவும் முடியாது, அவ்வளவு பணமும் கையில் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

அடிவாரம் டிரைவர்:

அண்ணே, மேலே காற்று குறைவு, அதுதான் காரணம். நான் பத்து வருடமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன், குளிர் நாளில் எல்லா டீசல் வண்டியும் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு தடவை அடித்துப் பாருங்கள், உடனே எடுக்கும். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வையும் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

டீசல் பம்ப் கடை, கொண்டலாம்பட்டி:

ஸ்ப்ரே மட்டும் வேண்டாம் தம்பி. குளிரில் எடுக்க சிலிண்டருக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜினில் அதை அடித்தால் பிளக் சூட்டில் நேரம் கெட்டுப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனும் ரிங்கும் உடைந்து வந்த வண்டிகளை நானே பிரித்திருக்கிறேன்.

காற்று விஷயம் பாதி சரி. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் அளவுதான், அதனால் மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறையும். டீசல் இன்ஜின் காற்றை அமுக்கி வருகிற சூட்டில்தான் தீப்பிடிக்கிறது. உள்ளே போகிற காற்றே குறைவு, அதுவும் குளிர்ந்த காற்று என்றால் அந்தச் சூடு மட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஒழுங்கான வண்டி அதையும் தாங்கி எடுக்கும். சேலத்தில் மறைந்திருக்கிற சின்னக் கோளாறு மேலே போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

நாகலூர் அண்ணே, நீங்கள் வண்டியை ராத்திரி எப்படி நிறுத்துகிறீர்கள்? தோட்டத்து வீடு என்றால் சரிவாகத்தான் இருக்கும். மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கிறதா, பள்ளத்தைப் பார்த்தா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் மாதிரி பல வண்டிகளில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது, இன்ஜினில் இருக்கிற பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டும். மூக்கு மேலே இருந்தால் இன்ஜின் உயரத்தில், டேங்க் கீழே. நடுவில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தால் ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே போய் டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் நீங்கள் அடிக்கிற செல்ஃப் எல்லாம் அந்தக் காலி லைனை நிரப்பத்தான் போகிறது. ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக டீசலைத் தேக்கி வைக்கிற குழாயில், கிட்டத்தட்ட 200 பார் அழுத்தம் வராமல் இன்ஜெக்டர் திறக்காது. காற்று கலந்த டீசலை வைத்து பம்ப் அந்த அழுத்தத்தைக் கட்ட முடியாது.

"டீசல் எங்கேயும் ஒழுகவில்லையே" என்று எல்லோரும் கேட்பார்கள். உறிஞ்சுகிற பக்கம் வெளியே ஒழுகாது, உள்ளே இழுக்கும். அதனால்தான் கண்ணில் படாமல் போய் பழி இன்ஜெக்டர் மேல் விழுகிறது.

செலவில்லாமல் பாருங்கள். இன்று ராத்திரி வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். காலையில் சீக்கிரம் எடுத்தால் பாதி தெரிந்துவிட்டது. மறுநாள் பழையபடி நிறுத்தி, சாவி போடுவதற்கு முன் ஃபில்டர் பக்கம் இருக்கிற ஹேண்ட் பம்பை அமுக்குங்கள். இரண்டு மூன்று அமுக்கில் கெட்டியானால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது அமுக்கியும் பொசபொசவென்று இருந்தால் ஏர்தான். அப்புறம் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஓஸ் இடத்தில் கண்ணாடி மாதிரித் தெரிகிற டீசல் ஓஸ் ஒரு அடி போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஸ்டார்ட் ஆன பிறகும் இரண்டு நிமிடம் குலுங்குகிறது என்றீர்களே, அது வேறு. சூடானதும் சரியாகிறது என்றால் ஒரு ஹீட்டர் பிளக்காவது போயிருக்கும். பிளக் மேலே இருக்கிற பட்டியைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்கள். எரியாத பிளக் செத்தது. மீட்டர் இருந்தால் ஒரு ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டருக்கு வாருங்கள். அதற்கும் இன்ஜெக்டர் டேங்குக்குத் திருப்பி விடுகிற டீசலை அளக்கிற ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது, நாலு பாட்டிலில் ரிட்டர்ன் டீசலைப் பிடித்தால் எது அதிகம் விடுகிறது என்று தெரியும். அது பார்க்காமல் நாலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பழைய வண்டி மாதிரி இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து பார்க்காதீர்கள். காமன் ரெயிலில் 1,000 பாருக்கு மேல் போகும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையையே எடுக்க வேண்டி வரும்.

வெள்ளக்கடை காபி:

டீசல் எங்கே பிடிக்கிறீர்கள்? எங்கள் தோட்டத்தில் பம்ப் செட்டுக்கு என்று பேரலில் வைத்திருந்த டீசலை அவசரத்துக்கு ஜீப்பில் ஊற்றுவோம். ராத்திரிக் குளிரில் பேரல் உள்ளே வியர்த்து, தண்ணீர் அடியில் தங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் பம்பே துருப்பிடித்துப் போனது. ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும்.

நாகலூர் தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கொண்டலாம்பட்டி அண்ணன் கேட்டது போல வண்டி தினமும் மேட்டைப் பார்த்துத்தான் நிற்கும், களத்தில் மூட்டை ஏற்ற அதுதான் வசதி. திருப்பி நிறுத்தினேன், மறுநாள் இரண்டாவது செல்ஃபில் எடுத்தது, ஆனால் குலுக்கலும் புகையும் அப்படியே. திரும்பப் பழையபடி நிறுத்தி ஹேண்ட் பம்பை அமுக்கினால் இருபத்தைந்து தடவை ஆகியும் கெட்டியாகவில்லை. கண்ணாடி ஓஸில் குமிழி வரிசையாக ஓடியது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஃபில்டர் தலையைக் கழற்றினால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. ஐப்பசியில் ஃபில்டர் மாற்றியவர்கள் பழைய ரிங்கையே போட்டிருக்கிறார்கள். தொல்லை அதற்கு அடுத்த மாதம்தான் தொடங்கியது, நான் குளிரைத்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புது ரிங், இரண்டு கிளிப் போட்டேன். பேரல் டீசல் நாங்களும் ஊற்றியிருக்கிறோம், டம்ளரில் அரை விரல் உயரம் தண்ணீர் வந்தது. அதை நிறுத்திவிட்டோம்.

ஹீட்டர் பிளக் மூன்றாவதில் லேம்ப் எரியவில்லை. புது பிளக் வாங்கி வைத்திருக்கிறேன், பழையது கழற வரமாட்டேன் என்கிறது. பலம் கொடுத்தால் உடைந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். இன்று காலை மூக்கு மேலே வைத்தே முதல் செல்ஃபில் எடுத்தது. குலுக்கல் மட்டும் ஒரு நிமிடம் இருக்கிறது.

டீசல் பம்ப் கடை, கொண்டலாம்பட்டி:

ரொம்ப சந்தோஷம் அண்ணே. விட்டதே நல்லது, பிளக் ஹெட்டுக்குள் உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். துரு விடுகிற எண்ணெயை அடியில் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள், அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு நீளமான ஸ்பானரால் கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று அசைத்து எடுங்கள். அப்படியும் இறுக்கினால் நிறுத்திவிட்டு வண்டியைக் கீழே கொண்டுவாருங்கள். தண்ணீர் வந்ததால் இன்னும் இரண்டு லோடுக்கு ஒரு தடவை அந்தத் திருகைத் திறந்து பாருங்கள், டேங்க் அடியில் மிச்சம் இருக்கும். இன்னொரு தடவை ஃபில்டர் மாற்றும்போது ரிங்கில் டீசல் தடவிவிட்டுப் போடுங்கள், காய்ந்த ரிங் முறுக்கும்போது புரண்டு நசுங்கும்.