கரையானுக்குத் துளை போட்டு மருந்தா, பெட்டி மாட்டி இரையா?

செந்தூல்வாசி:
சாமி அறைக் கதவு நிலையை விரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. உள்ளே கரையான். பழைய தெரஸ் வீடு, வரிசையாகச் சுவர் ஒட்டிக் கட்டியது. ஒருவர் சுவரோரம் தரையைத் துளைத்து மண்ணுக்கு மருந்து ஏற்றலாம் என்கிறார். இன்னொருவர் பெட்டி மாட்டி இரை வைக்கலாம், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்கிறார். எதைச் செய்வது?

கெப்போங்காரன்:
துளைதான் அண்ணே. மூன்று மாதம் காத்திருந்தால் கூரைச் சட்டம் வரைக்கும் ஏறிவிடும். எங்கள் வீட்டில் அடிக்கு ஒரு துளை போட்டார்கள், ஒரே நாளில் வேலை முடிந்தது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
வேலை முடிந்தது தம்பி, கரையான் முடிந்ததா? எங்கள் வீட்டிலும் துளைத்தார்கள். டைல்ஸ் ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தது இன்னும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. எட்டே மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே மண் கோடு, கரையான் உள்ளே நடக்க மண்ணால் கட்டும் வழி! நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் துளைக்க விடவில்லை, அந்தப் பக்கம் வழி திறந்தே கிடந்தது.

இரையில் இருப்பது உடனே கொல்லும் விஷம் இல்லை. வேலைக்காரக் கரையான் தின்று மற்றவற்றுக்கும் ஊட்டும். தோல் உரிக்கும்போது புதுத்தோல் உருவாகாமல் சாகும். ஊட்ட ஆளில்லாமல் ராணியும் போகும்.

கெப்போங்காரன்:
அக்கா, நீங்கள் சொல்வது பழைய விரட்டு மருந்துக் காலம். இப்போது துளையில் ஏற்றும் ஃபிப்ரோனில் மருந்து மண்ணில் இருப்பதே கரையானுக்குத் தெரியாது, நடந்து போய் மற்றவற்றின் மேலும் ஒட்டிவிடும். பெட்டியை அது தொடவே இல்லையென்றால்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
வெறும் மண்ணில் நட்டால் தொடாமல் போகலாம். கரையான் ஊர்ந்துகொண்டிருக்கும் இடத்திலேயே மாட்டினால் ஏன் தொடாது? அப்புறம், ஃபிப்ரோனில் மீனுக்கு ஆகவே ஆகாது. செந்தூல் தம்பி, ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள், கலைந்து வேறு இடத்தில் கிளம்பும்.

செந்தூல்வாசி:
நேற்றே அரை டின் அடித்துவிட்டேன் அக்கா. வாசலில் கோய் மீன் குளமும் இருக்கிறது.

கெப்போங்காரன்:
குளத்துப் பக்கம் துளைக்காமல் விடச் சொல்லலாம். ஸ்ப்ரே அடித்த இடத்தில் பெட்டி மாட்டி இனி என்ன பயன்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
அந்தக் கதவு நிலையை விடுங்கள். டார்ச் அடித்து மற்ற இடங்களில் மண் கோடு தேடுங்கள். கிடைத்தால் நகத்தால் லேசாகக் கீறிவிட்டு மறுநாள் பாருங்கள். மூடியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது, பெட்டி அங்கேதான்.

செந்தூல்வாசி:
குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கோடு. நேற்று ராத்திரி கீறினேன், காலையில் ஈர மண் பூசி அடைத்திருக்கிறது. பெட்டிக்காரரை வரச் சொல்லிவிட்டேன்.

கெப்போங்காரன்:
சரி அண்ணே, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து வந்து கேட்பேன்.