கண்ணாடி பாட்டிலில் ஒட்டிய பாலிமர் கிளே பூக்கள் பேக் செய்ததும் கழன்று வருகின்றன, உதவி தேவை

ஜன்னலோரம்:
வணக்கம். காலி ஜாம் பாட்டில்களில் பாலிமர் கிளே ஒட்டி லாந்தர் செய்கிறேன். கார்த்திகைக்குப் பால்கனியில் வரிசையாக வைக்க ஆசை. வாயைச் சுற்றி ஒரு பட்டை, கீழே அங்கங்கே பூவும் இலையும். ஓடிஜியில் (சின்ன மின் ஓவன்) 130 டிகிரி, அரை மணி நேரம். ஆறியபின் பட்டை அசையவில்லை. பூக்களோ நகத்தால் நெம்பினாலே முழுசாகக் கையோடு வந்துவிடுகின்றன. அடிப்பக்கம் பளபளவென்று இருக்கிறது. அப்புறம், மேலே இருந்த வெள்ளை இதழ்கள் மட்டும் டீக்கறை நிறத்துக்குப் போய்விட்டன. பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் எடுத்தேன். பேக் செய்யும் முன் எல்லாம் நன்றாகவே ஒட்டியிருந்தன. எங்கே கோளாறு?

சுட்டமண்:
பட்டை நிற்கிறது, பூ நிற்கவில்லை என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. பாலிமர் கிளே என்பது பிவிசி தூளும் அதை இளக வைக்கும் பிளாஸ்டிசைசரும் கலந்தது. சூட்டில் தூள் ஒன்றோடொன்று உருகிச் சேரும், கண்ணாடியோடு சேராது. பச்சையாக இருக்கும்போது ஒட்டுவது வெறும் பிசுபிசுப்புதான். பட்டை ஏன் நிற்கிறதென்றால், ஆறும்போது கிளே கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். சுற்றி வளைத்த பட்டை வளையல் போல இறுக்கிக்கொள்கிறது. தனிப் பூவுக்குப் பிடிப்பே கிடையாது.

அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், கிளே கண்ணாடியில் சரியாகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். மங்கலான திட்டுகள் தெரிந்தால்தான் இடையில் காற்று மாட்டியிருக்கிறது.

வடிவத்தையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பட்டையிலிருந்து ஒரு கொடியை இறக்கிப் பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் மேல் பூக்களை அழுத்துங்கள். கிளேயோடு கிளே நன்றாகச் சேரும். தனிப் பூதான் வேண்டுமென்றால், பாட்டிலில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, அது காய்ந்து கண்ணாடி நிறத்துக்கு வந்தபின் கிளேயை அழுத்தி பேக் செய்யுங்கள். அதற்கு முன் மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் பாட்டிலைத் துடைத்துவிட்டு, உள்ளே விரல் விட்டுப் பிடியுங்கள். சோப்பின் படலமும் விரல் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாது.

மொட்டைமாடி:
ஃபெவிகால் யோசனை வீட்டுக்குள் வைக்கிற விளக்குக்குச் சரி. இவர் பால்கனி என்கிறார். கார்த்திகை மாதச் சாரல் பட்டால் அந்தப் பசை இளகும். கிளேக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, பசைக்குத்தான் ஆபத்து. பேக் ஆன பூக்களைக் கழற்றிவிட்டு, இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்சியால் ஒட்டுங்கள். பாட்டிலின் வளைவிலேயே பேக் ஆனதால் கச்சிதமாக உட்காரும். என்னைக் கேட்டால், கழன்று வந்ததே நல்லதுதான்!

நிறம் மாறியதற்கு ஓடிஜியின் மேல் பக்கம் சூடேற்றும் ராடுதான் காரணம். உங்கள் ஓடிஜியில் வசதி இருந்தால் கீழ் ராடை மட்டும் போட்டு, பாட்டிலைத் தாழ்வான தட்டில் வைத்து, மேலே கிளேயைத் தொடாமல் அலுமினிய ஃபாயிலைக் கூடாரம் மாதிரி மூடுங்கள். டயலில் உள்ள எண்ணை நம்பவே கூடாது. தனியாக ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள். என்ன பிராண்டு கிளே?

ஜன்னலோரம்:
ஃபிமோ. கடைக்காரர் எல்லாக் கிளேக்கும் 130 என்றார்.

மொட்டைமாடி:
அதற்கு 110 டிகிரி, 30 நிமிடம் என்று பாக்கெட்டிலேயே இருக்கும். ஸ்கல்பிக்கு 275 பாரன்ஹீட், அதாவது 135 டிகிரி செல்சியஸை ஒட்டி. பிராண்டுக்குப் பிராண்டு மாறும். சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 175-ஐத் தாண்டினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண் எரிகிற புகை வந்தால் உடனே அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

சுட்டமண்:
ஒன்று விட்டுப்போனது. பாட்டிலைக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும், ஆறுவதும் உள்ளேயே. ஜாம் பாட்டில் சாதாரணக் கண்ணாடி, திடீர் சூடோ குளிரோ பட்டால் விரிசல் விடும்.

ஜன்னலோரம்:
சரி, ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். உள்ளே அகல் ஏற்றலாமா? பளபளப்புக்கு மேலே நெயில் பாலிஷ் பூசலாமா?

சுட்டமண்:
அகல் வேண்டாம். சுடரின் சூடு நேராக வாய்ப்பகுதிக்குத்தான் ஏறும், உங்கள் பட்டை இருப்பதும் அங்கேதான். எல்இடி டீலைட் (பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு) போடுங்கள், அகலைத் தனியாக வாசலில் ஏற்றிக்கொள்ளலாம். நெயில் பாலிஷும் கூடாது. அதிலுள்ள கரைப்பான் கிளேயை இளக்கி, நாளாக ஆகப் பிசுபிசுவென்று தூசி பிடிக்கும். கரைப்பானுக்குப் பதில் தண்ணீர் கலந்து வரும் வார்னிஷ் (வாட்டர் பேஸ்டு) பூசுங்கள், முதலில் ஒரு உதிரிப் பூவில் பூசி சில நாள் விட்டுப் பாருங்கள்.