சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் இல்லையாம்! எந்தப் போத்தலில் பார்த்தீர்கள்?

ஏழாலையான்:
சுன்னாகம் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் கலந்துவிட்டது என்று இன்னும் சனத்தைப் பயப்படுத்துகிறவர்களுக்கு எழுதுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம், எண்ணெய் இல்லை. மேலே படலமும் இல்லை, மணமும் இல்லை. வலிகாமத்துத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது. இனியாவது இந்தக் கதையை விடுங்கள்.

கிணற்றடி:
ஒரு கிணற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு வலிகாமம் முழுவதற்கும் நற்சான்றிதழ் எழுதுகிறீர்களா அண்ணை? சரி, தண்ணீரை எதில் கொண்டு போனீர்கள்?

ஏழாலையான்:
சோடாப் போத்தலில். கிணற்றுத் தண்ணீராலேயே நன்றாக அலசித்தான் எடுத்தோம். ஏன், போத்தலுக்குள் எண்ணெய் ஒளிந்துகொள்ளுமா?

கிணற்றடி:
ஒளிந்துகொள்ளும்! எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கண்ணாடிப் போத்தல் கேட்கிறார்கள். அதிலும் அலசாமல் எடுத்து, அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே இறக்கி, குளிரில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் போத்தலின் உட்புறத்தையும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் கழுவி அதையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். உங்கள் எண்ணெய் சோடாப் போத்தலில் தங்கிவிட்டது.

வெங்காயத்தோட்டம்:
எண்ணெய் எண்ணெய் என்று கத்துகிறவர்கள் நைட்ரேட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. குடிநீருக்கான எல்லையான லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை இருக்கின்றன!

பவுசர்:
அந்த நைட்ரேட் உங்களைப் போன்றவர்கள் கொட்டிய யூரியாதானே? இதே ஆள்தான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிற விவாதத்திலும் வந்து குழப்பியவர்.

வெங்காயத்தோட்டம்:
பவுசர் வண்டித் தண்ணீரில் சம்பாதித்தவர்கள் தோட்டக்காரனுக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

கிணற்றடி:
நைட்ரேட்டை இழுத்தது நல்லதாய்ப் போயிற்று. ஒட்சிசன் தீர்ந்த பிறகு நைட்ரேட்டைக் கொண்டே எண்ணெயைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் உண்டு. அக்கம்பக்கத்தில் நைட்ரேட் கூடவாக இருக்க ஒரு கிணற்றில் மட்டும் அதுவும் ஒட்சிசனும் சேர்ந்து விழுந்திருந்தால், அங்கே எண்ணெய் தின்னப்படுகிறதோ என்று பார்க்க வேண்டும். கண்காணிப்பு என்றால் இதையெல்லாம் அளப்பது, படலத்தை எட்டிப் பார்ப்பது அல்ல. எண்ணெயில் இருக்கக்கூடிய நச்சான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதைக் கண்ணால் காண்பீர்களா? எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்புக்குள்ளால் ஓடுகிற தண்ணீர் ஒரு வளவுக் கிணற்றை விட்டுவிட்டு அடுத்த வளவில் எழும்பும். கோடையில் நீர்மட்டம் இறங்க மிதக்கிற எண்ணெயும் கூடவே இறங்கிக் கல்லில் பூசிக்கொள்ளும், மாரியில் மட்டம் ஏற அந்தப் பூச்சு திரும்பவும் தண்ணீரில் நனையும். ஆகவே மாரியிலும் கோடையிலும், வருடக்கணக்காக, அதே கிணறுகளில் எடுக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில்!

ஏழாலையான்:
திரும்பவும் போத்தலா? மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான எண்ணெய் இல்லை என்றுதானே சொன்னது. அவர்களும் சோடாப் போத்தலோடு போனார்களா?

பவுசர்:
நீர் வழங்கல் சபை எண்ணெய் கண்டதை ஏன் விழுங்குகிறீர்கள்? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலையம் நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னதே, மாசு இல்லாமலா சொன்னது?

ஏழாலையான்:
அது பழைய தண்ணீருக்கான தீர்ப்பு. நான் இப்போது இருக்கிற தண்ணீரைச் சொல்கிறேன்.

கிணற்றடி:
இப்போது இருக்கிற தண்ணீரை நீங்கள் அளக்கவே இல்லை என்கிறேன். எண்ணெயை இறைத்து எடுக்கலாம், காற்றுச் செலுத்தலாம், நுண்ணுயிரிடமே விடலாம். எதைச் செய்தாலும் பலித்ததா என்று சொல்லப்போவது மாதிரி எடுக்கிற போத்தல்தான்.

வெங்காயத்தோட்டம்:
ஹெக்சேன் என்கிறீர்களே, அது தலைக்கு வைக்கிற நல்லெண்ணெயையும் சேர்த்துத்தான் காட்டும். கிணற்றடியில் முழுகுகிற ஊரில் அந்தக் கணக்கு எதற்கு உதவும்?

கிணற்றடி:
அதனால்தான் பெற்றோலிய ஐதரோகாபனை, அதாவது கனிய எண்ணெய்ச் சேர்வைகளை, வேறாக அளக்கச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கும் பிளாஸ்டிக் ஆகாது. ஏழாலையான் அண்ணை, ஆய்வுகூட அறிக்கையைப் போடுங்கள், என்ன முறையில் அளந்தார்கள் என்று பார்ப்போம்.

ஏழாலையான்:
உங்களுக்கு அறிக்கை காட்ட வேண்டிய கடமை எனக்கு இல்லை. நாங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

பவுசர்:
இரணைமடுவிலும் இப்படித்தான், அறிக்கை கேட்டால் ஓட்டம்.

வெங்காயத்தோட்டம்:
இரணைமடுவை விடுங்கள், பவுசருக்கு யார் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.