அம்மா லைன் வீட்ட காலி பண்ணணும், இனி எங்களுக்கு எது ஊரு?

பந்தலூர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளர்ந்தது பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன்ல, அதான் தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு எஸ்டேட் குடுக்கற வரிசை வீட்டுல, இப்ப கோயம்புத்தூர்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். தாத்தா பாட்டி, சிலோன் (இலங்கை) தோட்டத் தமிழர்கள ரெண்டு நாட்டுக்கும் பிரிச்ச சாஸ்திரி ஒப்பந்தத்துல அங்க இருந்து வந்தவங்க. அம்மா அப்ப சின்னப் புள்ள, கப்பல்ல வாந்தி எடுத்ததும், வந்தவங்கள மொதல்ல தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல வரிசைல நின்னதும் தான் ஞாபகம் இருக்குனு சொல்லும். அடுத்த மாசத்தோட அம்மாவுக்கு வேலை முடியுது. வேலை முடிஞ்சா வீட்ட ஒப்படைக்கணும், லைன்ல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தான், ஆனா நம்ம வாசப்படிக்கு வரும்போது தாங்க முடியல.

என்கூட வாமானு கூப்பிட்டா வேணாங்குது. மாமாங்க இன்னும் சிலோன்ல ஹட்டன் பக்கம் இருக்காங்க, அங்க போய் இருக்கவும் வழி இல்ல. தாத்தாவோட பூர்வீகம் முசிறி பக்கம்னு பேப்பர்ல இருக்கு, அந்த ஊர்ல எங்கள யாருக்கும் தெரியாது.

ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தி பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னு கிளம்புவா, இன்னொருத்தி திருவிழாவுக்குப் போறேன்னு கிளம்புவா, எனக்கு அந்த லைன் வீடு தான் ஊரு, இப்ப அதுவும் போச்சு. சம்பளம் வருது, டூட்டி பாக்கறேன், ஆனா இதெல்லாம் எதுக்கு, யாருக்காகனு ராத்திரி டூட்டில உக்காந்து யோசிச்சா ஒண்ணும் புரிய மாட்டேங்குது. என்னை மாதிரி வளர்ந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, உங்களுக்கு இது நம்ம எடம், இது நம்ம வேலைனு எப்ப, எத வச்சுத் தோணுச்சு?

கோத்தகிரி_டிரைவர்:

பாப்பா, நானும் அந்தக் கப்பல்ல வந்தவன் தான், 1971ல, அஞ்சு வயசு. பதுளைல இருந்து தலைமன்னார் வரைக்கும் கோச்சில, அதான் ரயில்ல, வந்தோம், அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சினு பேரு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் போறவங்களும் நிக்கறவங்களும் கட்டிப் புடிச்சு அழுவாங்க. ஒரே வீட்டுல அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திருப்பான், தம்பி சிலோனுக்கு எழுதிக் குடுத்திருப்பான். 1964 அக்டோபர்ல இந்தியா, சிலோன் ரெண்டு நாட்டுப் பிரதமரும் டெல்லில உக்காந்து அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இலங்கைக்குனு பிரிச்சாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேர 1974ல ஆளுக்குப் பாதினு முடிச்சாங்க. யாரையும் கேக்கல.

எங்கப்பாவுக்கு கெடச்சது அரசாங்கத் தேயிலைத் திட்டம். 1968ல ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சது, வந்தவங்களுக்கு வேலை குடுக்கத் தான் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அது தான் டேன்டீங்கற அரசாங்கத் தேயிலைக் கம்பெனி ஆச்சு. இப்ப டூரிஸ்ட் நின்னு போட்டோ எடுக்கற பச்சைல பாதி எங்கப்பா மாதிரி ஆளுங்க குழி வெட்டி நட்டது. இத நான் பெருமையா தான் சொல்றேன், நீயும் பெருமையா சொல்லு.

நீ கேட்டதுக்கு வர்றேன். நான் ரொம்ப வருஷம் லாரி ஓட்டினேன், எந்த ஊர்லயும் ஒட்டல, நீ சொல்ற அதே வெறுமை தான் எனக்கும். எங்க லைன்ல ஒரு பையன் பிளஸ் டூல நல்ல மார்க்கு, காலேஜ்ல கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் கேட்டாங்க. தாலுகா ஆபீஸ்ல பூர்வீக ஊர்ல விசாரிக்கணும்னாங்க, பூர்வீக ஊர்ல இப்படி ஒரு குடும்பமே இங்க இல்லைனு எழுதி அனுப்பிட்டாங்க. பையன் அப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கூடப் போனேன், சிலோன்ல இருந்து வந்தப்ப அவங்க தாத்தாவுக்குக் குடுத்த பேமிலி கார்டு, பாஸ்போர்ட்டு, சிலோன் தோட்டத்துல குடுத்த பழைய துண்டு சீட்டு எல்லாத்தையும் வரிசையா அடுக்கி மனு எழுதி, அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டோம். அன்னைக்கு அந்தப் பையனோட அம்மா என் கையப் புடிச்சுட்டு விடவே இல்ல. அடுத்த வாரம் இன்னொரு வீட்டுல இருந்து வந்தாங்க, பேரு மாத்தி எழுதியிருக்குனு. கருப்பாயினு ஒரு பேப்பர்ல, கருப்பம்மானு இன்னொரு பேப்பர்ல, இப்படி எத்தனையோ பேருக்கு. அப்புறம் ஆளுங்க வர்றது நிக்கவே இல்ல. இப்ப நான் எங்க போனாலும் ராத்திரிக்குள்ள இங்க திரும்பிடணும்னு தோணுது, ஏன்னா நாளைக்கு யாராவது பையத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. எனக்கு ஊருனு ஒண்ணு வந்தது அப்படித் தான், மண்ணால வரல.

நீ நர்ஸு. கொழுந்துக் கூடை சுமந்து முதுகும் முட்டியும் போன பொம்பளைங்க அந்த லைன்ல எத்தன பேருனு உனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரைய தலைவலி வந்தா மட்டும் போட்டுக்கறவங்க, சாயங்காலம் ஆனா யானை நடமாட்டம், ஆஸ்பத்திரிக்குப் போக பயந்துட்டு வலியோட படுத்துடறவங்க. உன் படிப்பு யாருக்குனு கேட்டியே, அவங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்குமா.

ஹட்டன்_டீச்சர்:

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் நின்னுட்ட குடும்பத்துல இருந்து எழுதுறேன். நாங்க போகாம இருந்ததால எங்களுக்கு ஊர் கெடச்சிருச்சுனு அங்க இருக்கிறவங்க நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. 1948ல எங்க ஆட்களோட பிரஜாவுரிமைய எடுத்தாங்க, எல்லாருக்கும் திரும்பக் குடுத்து முடிக்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டி இருந்திச்சு. வீடும் காணியும் கேட்டு இன்னும் கதைச்சிட்டே இருக்கோம். நாங்களும் லயத்துல தான், நீங்க லைன் வீடுனு சொல்றது.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். 2023ல மலையக மக்கள், அதாவது எங்க தோட்டத் தமிழ் ஆட்கள், இங்க வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க. அந்தக் காலத்துல கோப்பித் தோட்டத்துக்கு எங்க ஆட்கள் காட்டு வழியா நடந்து வந்த பாதை அது, காய்ச்சல்லயும் பசியிலயும் எத்தனையோ பேர் வழியிலயே செத்துப் போனாங்க. நான் கடைசி நாள் மாத்தளையில போய் சேர்ந்துக்கிட்டேன். அங்க நின்ன நேரம் எனக்குத் தோணினது, எங்கள யாரும் கொண்டு வந்து வச்சது இல்ல, இந்த ரோட்டும் ரயில் பாதையும் தோட்டமும் எங்க ஆட்கள் உண்டாக்கினது, பிறகு நாங்க ஏன் கூச்சப்படணும்? திங்கக்கிழமை வகுப்புல இதப் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். உங்க அம்மம்மா எந்தத் தோட்டத்துல இருந்தாங்க, யார் கப்பல் ஏறினாங்கனு வீட்ல கேட்டு எழுதிட்டு வாங்கனு சொன்னேன். ஒரு பிள்ளை, ‘எங்க பாட்டியோட தங்கச்சி நீலகிரியில இருக்காங்களாம் டீச்சர், பேர் மட்டும் தான் தெரியும்’னு எழுதிக்கொண்டு வந்திச்சு. அன்னையில இருந்து நான் படிப்பிக்கிறது வேற மாதிரி ஆயிருச்சு, சம்பளத்துக்காக மட்டும் ஸ்கூலுக்குப் போற நெனப்பே போயிருச்சு.

உங்க அம்மா வாயால கேட்டு எல்லாத்தையும் எழுதி வைங்க. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பக்கத்துக் காம்பராவுல (லயத்து அறையில) யாரு. கட்டாயம் செய்யுங்க.

நூல்மில்_பையன்:

நானும் சிலோன் குடும்பம் தான், எங்கப்பாவுக்கு மில்லுல வேலை. பூர்வீகம் தேடிப் போகாதீங்க சிஸ்டர். நாங்க துறையூர் பக்கம் போனோம், பெரியவர் ஒருத்தர் தாத்தா பேரக் கேட்டதும் முகம் மாறிடுச்சு, நெலத்துல பங்கு கேக்க வந்திருக்கோம்னு நெனச்சுட்டாங்க. டீ குடுத்து அனுப்பிட்டாங்க, அவ்வளவு தான்.

டிரைவர் அண்ணன் சொல்றது நல்லா தான் இருக்கு, ஆனா சேவை அப்புறம். மொதல்ல அம்மா பேருல ஒரு எடம், அதுல ஒரு கதவு. யாரும் காலி பண்ணுனு சொல்ல முடியாத வீடு ஒண்ணு இருந்தா தான் மனசு மத்ததப் பத்தி யோசிக்கும். நாங்க ரெண்டு சென்ட்ல ஓட்டு வீடு கட்டினோம், வாசல்ல அப்பா ஒரு பலா கன்னு வச்சாரு. அதுக்கப்புறம் தான் அவரு சிலோன் கதை சொல்றப்ப அழாம சொல்ல ஆரம்பிச்சாரு.

பந்தலூர்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு அம்மாவுக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினேன். ஏன் வர மாட்டேங்கறனு மொத தடவையா நிதானமா கேட்டேன். மாரியம்மன் கோயில் பூஜைக்கு மாவிளக்கு போடறது அவங்க செட்டு ஏழு பேராம், அதுல ரெண்டு பேரு மண்டபம் கேம்ப்ல இருந்தே கூட இருக்கவங்களாம். அவங்கள விட்டுட்டு கோயம்புத்தூர்ல நாலு செவுத்துக்குள்ள நான் என்ன பண்ணுவேன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் சொல்ல முடியல. அம்மாவுக்கு ஊரு இருக்கு, நான் தான் அத கவனிக்கல போல.

அதனால பந்தலூர் பக்கமே சின்னதா எடம் பாக்கலாம்னு முடிவு. லீவுக்கு வரும்போது பிரஷர் மிஷினும் சுகர் பாக்கற மிஷினும் எடுத்துட்டு வந்து கோயில் திண்ணைல உக்காரப் போறேன், யார் வேணா வரட்டும். டீச்சர் அக்கா, அந்தப் புள்ளையோட பாட்டி தங்கச்சி பேரு, வந்த வருஷம் எது தெரிஞ்சாலும் எனக்கு தனியா அனுப்புங்க, அம்மா செட்டுல கேட்டுப் பாக்கறேன்.

கோத்தகிரி_டிரைவர்:

ரொம்ப சந்தோஷம் பாப்பா. ஆனா எடம் வாங்கறதுல அவசரப்படாத. கூடலூர் பந்தலூர் பக்கம் பழைய ஜென்மி நெலம், அதான் அந்தக் காலத்துப் பெரிய நிலக்காரங்க சொத்து, நெறைய இருக்கு, அத ஒழிக்க வந்த 1969 சட்டத்துல செக்‌ஷன் 17னு வர்ற நெலத்துக்கு பட்டா வராது. வீடு வித்து பணம் வாங்கினவன் போயிடுவான், கரண்டு கனெக்‌ஷனுக்கு நீ அலையணும். பட்டா இருக்கா, சர்வே நம்பர் என்ன, வில்லங்கம் என்னனு பாக்காம அட்வான்ஸ் குடுக்காத. ஞாயித்துக்கெழமை ஃப்ரீயா இருந்தா அம்மாவயும் கூட்டிட்டு கோத்தகிரி வா, பேப்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு வா, தாத்தாவோட ஒரிஜினல் பேமிலி கார்ட மட்டும் யாரு சொன்னாலும் லேமினேட் பண்ணிடாத.