குறைந்த விலை ஸ்டீல் டிராக் சைக்கிள்: சாலையில் ஓட்டியவர்களும் பட்டறையில் பார்த்தவர்களும் சொல்வது

டிராக் சைக்கிள் என்பது வெலோட்ரோம் என்னும் வட்டப் பந்தயப் பாதைக்குச் செய்த ஒற்றைக் கியர் வண்டி; பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், அதனால் இதை "ஃபிக்ஸட்" என்பார்கள். அதைச் சாலையில் ஓட்ட வாங்குபவர்களுக்காக இது. விலை பேசுமுன் முன்ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) தலையைப் பாருங்கள். 6 மி.மீ. போல்ட் நுழையும் துளை முன்னிருந்து பின்னுக்கு ஊடுருவிப் போகிறதா? போகிறது என்றால் அதில் பிரேக் மாட்டலாம். துளை இல்லையென்றால் அது வெலோட்ரோம் பாதைக்கு மட்டுமே செய்த ஃபோர்க். சாலைக்கு வேண்டுமானால் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். "துளை போட்டுக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். உடலின் எடை முழுவதும் முன்னே சாயும் இடம் அது. உள்ளே எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் ட்ரில் வைக்கக் கூடாது.

ஜப்பானின் கெய்ரின் என்னும் பாதைப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த, அந்தப் பந்தயத்துக்கு ஏற்றது என்று என்ஜேஎஸ் முத்திரை பெற்ற ஃபிரேம்கள் அழகாக இருக்கும், வேலைப்பாடும் அருமை. ஆனால் ஃபோர்க்கில் துளை கிடையாது, 23 மி.மீ. டயருக்கு மேல் இடமும் இருக்காது. மாறாக சர்லி நிறுவனத்தின் ஸ்டீம்ரோலர் மாடலில் முன்னும் பின்னும் பிரேக் துளை உண்டு, 38 மி.மீ. டயர் வரை நுழையும். மெர்சியர் கிலோ டிடி ரெனால்ட்ஸ் 520 என்னும் நல்ல ஸ்டீல் குழாயில் வந்தது, அதிலும் துளைகள் உண்டு. பெயர் பெற்ற ஃபிரேமைவிட இப்படிப்பட்ட சாதாரண ஃபிரேம்தான் சாலைக்கு நல்லது.

ஸ்டிக்கரில் "குரோமோலி" என்று இருந்தாலும் சில ஃபிரேம்களில் மூன்று பெரிய குழாய்கள்தான் குரோமோலி (வலுவான கலப்பு ஸ்டீல்), மீதி ஹை-டென் (மலிவான சாதாரண ஸ்டீல்). சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் கம்பியை) உருவி அதன் விட்டத்தைப் பாருங்கள். வழக்கமான சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. போஸ்ட் 27.2 என்றால் சுவர் சுமார் 0.7 மி.மீ., அது நல்ல குழாய். போஸ்ட் 25.4 என்றால் சுவர் 1.6 மி.மீ., தடித்த மலிவுக் குழாய். ஓட்டலாம், கனக்கும், அவ்வளவுதான். போஸ்ட் அசையவே இல்லை, துருவேறி இறுகிவிட்டது என்றால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கீழ்க்குழாய், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் குழாயோடு சேரும் இடத்துக்குக் கீழே விரலால் தடவுங்கள். பெயின்ட்டில் சுருக்கமோ அலையோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. ஃபோர்க் பின்னுக்கு வளைந்திருப்பது பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

*

ஃபிரேம் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மலிவு வண்டியில் முதலில் உயிரை விடுவது பின் ஹப்பின் மரை. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு வண்டி உருளும். ஃபிக்ஸட் சக்கரத்தில் அது கிடையாது. வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலைப் பின்னுக்கு அழுத்துவோம். அந்த விசை பின்பல்லை (ஹப்பில் ஏறும் பற்சக்கரத்தை) கழற்றும் திசையில்தான் வேலை செய்யும். அதனால் முறையான டிராக் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். உள்படி 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்புரி. பின்பல் அதில் ஏறும். வெளிப்படி 1.29 அங்குலம், இடப்புரி. லாக்ரிங் என்னும் பூட்டு வளையம் அதில் ஏறும். பல் கழலப் பார்த்தால் லாக்ரிங் எதிர்த்திசையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால் மிதிக்காமல் உருளவிடும் ஃப்ரீவீலின் மரையும் அதே 1.37 × 24 தான். பழைய சாலை ஹப்பிலும் ஃபிக்ஸட் பல் சிரமமே இல்லாமல் ஏறிவிடும், ஆனால் லாக்ரிங்குக்கு இடப்புரிப் படி இருக்காது. அங்கே பாட்டம் பிராக்கெட் (பெடல்கள் சுழலும் நடு அச்சு) லாக்ரிங்கைப் போட்டு மரைப்பசை தடவி விற்கிறார்கள். அதற்கு "சூயிசைட் ஹப்" என்று பெயர். பயமுறுத்த வைத்த பெயர் இல்லை. பலமாகப் பின்மிதித்தால் பல்லும் வளையமும் சேர்ந்து கழன்றுவிடும், பெடல் வெறுமனே சுற்றும். இருபுறமும் மரையுள்ள ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப்பிலும் எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஃபிக்ஸட் பல்லை ஏற்ற வேண்டும்.

ஏற்றும் முறை: மரையைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். கிரீஸ் தடவுங்கள். பல்லை முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் அலுமினிய மரை அங்கேயே நாசமாகிவிடும். பிறகு செயின் விப் (செயின் துண்டு பொருத்திய நெம்புகோல்) போட்டு உடல் எடையோடு இறுக்குங்கள். லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பானரால் இடது பக்கம் திருப்பி இறுக்குங்கள். ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறினால் பல் இன்னும் ஒரு நூலளவு இறுகும், அப்போது லாக்ரிங் தளர்ந்திருக்கும். இறங்கி மறுபடி அதை இறுக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான மரைகள் போகின்றன. பல்லுக்கும் வளையத்துக்கும் நடுவே இம்மியளவு ஆட்டம் இருந்தாலும், ஒவ்வொரு முறை பின்மிதிக்கும்போதும் பல் முன்னும் பின்னும் அடித்து மரையைச் சீவிவிடும்.

வாங்கும்போதே சோதிக்கலாம். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, பெடலை முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். "டக்" என்று உலோகச் சத்தம் வந்தால் பல் தளர்ந்திருக்கிறது. லாக்ரிங்கை இறுக்கிய பின்னும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஹப்பை மாற்ற வேண்டும்.

*

கியர் விகிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி பெரும்பாலும் முன்பல்லில் 48 பற்கள், பின்பல்லில் 16 பற்கள், அதாவது 48க்கு 16 என்ற கணக்கில் வரும். சாலைக்கு இது இரண்டு விதத்தில் சரிப்படாது. ஒன்று, நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப முழங்கால் நோகும். இரண்டாவதைப் பலர் டயர் தேய்ந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

பின்சக்கரத்தைக் காலால் பூட்டிச் சறுக்கும்போது கிராங்க் (பெடல் மாட்டிய தண்டு) எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். 48-ஐ 16-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஆகவே ஒவ்வொரு சறுக்கலிலும் டயரின் அதே ஒரு இடம்தான் தரையில் உரசும். 46க்கு 16 என்றால் 23/8, எட்டு இடங்களில் பகிர்ந்து தேயும். 48க்கு 17 என்றால் சுருக்கவே முடியாது, பதினேழு இடங்கள். பின்னத்தைச் சுருக்கியபின் கீழே நிற்கும் எண்தான் கணக்கு. மேலே நிற்கும் எண் ஒற்றைப்படையாக இருந்து, இரு காலையும் மாற்றி மாற்றி முன்வைத்துச் சறுக்கப் பழகினால் இடங்கள் இரட்டிப்பாகும்.

700×25 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 48/17-இல் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.9 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 32 கி.மீ. இதே பல்லில் இறக்கத்தில் 50 கி.மீ. வந்துவிட்டால் கால் நிமிடத்துக்கு 140 சுற்று சுற்றியாக வேண்டும். பழகாத கால் அதற்கு முன்பே பெடலிலிருந்து தூக்கியெறியப்படும். புதிதாகத் தொடங்குபவருக்கு 44/17 போதும். அதே 90 சுற்றுக்கு 29 கி.மீ. கிடைக்கும், மேடும் ஏறலாம்.

பெடலோடு காலைப் பிடித்துவைக்கும் டோ கிளிப்போ பட்டையோ இல்லாமல் ஃபிக்ஸட் ஓட்டவே கூடாது. பின்மிதிப்பது என்பது ஒரு காலால் கீழே அழுத்துவது மட்டுமல்ல, மறுகாலால் மேலே இழுப்பதும்தான். பெடலை விட்டுக் கால் நழுவினால், சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்க் கணுக்காலில் அடிக்கும். வலது ஷூ லேஸை உள்ளே செருகுங்கள், பேன்ட் காலைப் பட்டை போட்டுக் கட்டுங்கள். செயினில் துணி மாட்டினாலும் இந்த வண்டி நிற்காது.

*

சறுக்கி நிறுத்துவதைப் பற்றி மேலே எழுதியவர் இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதைப் படிப்பவர்கள் அதுவே பிரேக்குக்குப் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நிறுத்த முயலும்போது உடல் எடை முன்னே போகும், பின்சக்கரம் இலேசாகும். இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் பிடிப்பு குறைவு. காய்ந்த தார்ச்சாலையில் பின்சக்கரம் மட்டும் தரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பின் கால் பங்கு என்று வையுங்கள். நல்ல முன்பிரேக் அரைப் பங்கை எளிதாகத் தரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் முதலாவதற்கு 14 மீட்டர் வேண்டும், இரண்டாவதற்கு 7 மீட்டர். இதில் கண் பார்த்து மூளை முடிவெடுக்கும் தூரம் சேரவில்லை. மழையில் வித்தியாசம் இன்னும் கொடுமை.

பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டு விதிப்படி ஃபிக்ஸட் சக்கர வண்டிக்கு முன்சக்கரத்தில் பிரேக் கட்டாயம். லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் 2016-இல், முன்பிரேக் இல்லாத டிராக் சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு 2017-இல் 18 மாதத் தண்டனை கிடைத்தது. ஜப்பானில் முன், பின் இரண்டுக்கும் பிரேக் வேண்டும். சிங்கப்பூரில் ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும், இல்லாமல் ஓட்டுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், எதிரே வருபவர் நம்மை நம்பித்தான் சாலையில் கால் வைக்கிறார்.

மாட்டுவது எளிது. பிரேக் துளையின் மையத்திலிருந்து ரிம்மில் ரப்பர் படும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். 39 முதல் 49 மி.மீ. என்றால் ஷார்ட் ரீச் (குட்டைக் கை) காலிப்பர் பிரேக், 47 முதல் 57 என்றால் அடுத்த அளவு. டிராக் ஃபோர்க்கில் இடைவெளி குறைவு என்பதால் பெரும்பாலும் முதல் அளவுதான் வரும், ரப்பரைப் பிரேக் கையிலுள்ள நீள்துளையின் மேல்முனைக்கே தள்ள வேண்டியிருக்கும். ரப்பர் டயரைத் தொடக் கூடாது, பக்கச்சுவரை அறுத்துவிடும். ரிம்மையும் பாருங்கள். பக்கவாட்டில் பெயின்ட் பூசிய ரிம் என்றால் பிரேக் முதல் சில நாள் வழுக்கும், பெயின்ட் உரிந்து ரப்பரில் ஒட்டும். பக்கம் சீவிய ரிம் வாங்குங்கள்.

*

இவ்வளவு செலவும் கவலையும் எதற்கு என்பதுதான் என் கேள்வி. சாலைக்குத்தான் வேண்டும் என்றால், 1970, 80-களின் பழைய ஸ்டீல் சாலை ஃபிரேமை ஃபிக்ஸடாக மாற்றுவதே மேல். பிரேக் துளை இருக்கும், மட்கார்டு மாட்ட இடம் இருக்கும், தண்ணீர் பாட்டிலுக்குக்கூட இடம் கிடைக்கலாம். டிராக் ஃபிரேமின் செங்குத்தான கோணத்தில் மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன்டயரில் இடிக்கும். ஃபிக்ஸடில் பெடலை நிறுத்தவும் முடியாது, இடித்தால் விழ வேண்டியதுதான்.

பின் டிராப்அவுட் (சக்கர அச்சு நுழையும் பிளவு) கிடைமட்டமாக நீண்டிருக்க வேண்டும். செங்குத்தானது என்றால் செயினை இறுக்க வழியே இல்லை. ஐந்து கியர் வண்டியின் ஃபிரேமில் பின் ஹப் உட்காரும் அகலம் 120 மி.மீ., டிராக் ஹப் அப்படியே உட்காரும். ஆறு, ஏழு கியர் என்றால் 126, அப்போது இருபுறமும் 3 மி.மீ. வாஷர் போடுங்கள். வண்டி 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்ததாக இருந்து சற்றுச் சிறிய 700சி சக்கரம் மாட்டினால், பிரேக் ரப்பர் 4 மி.மீ. கீழே எட்ட வேண்டும்.

*

பழைய சாலை ஃபிரேமே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. சாலை ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட் தாழ்வு. வளைவில் சாய்ந்துகொண்டே மிதிக்க வேண்டியிருப்பதால் உள்பக்கப் பெடல் தரையில் தட்டி, பின்சக்கரத்தையே தூக்கிவிடும். 170 மி.மீ. கிராங்கைக் கழற்றி 165 போடுங்கள். டிராக் ஃபிரேமுக்கும் 165 நல்லது, ஷூ இடிப்பதும் கொஞ்சம் குறையும்.

இரண்டு வகைக்கும் செயின் நேராக ஓட வேண்டும். ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன்பல், பின்பல் இரண்டும் 42 மி.மீ. தூரத்தில் இருப்பது டிராக் அளவு. இரண்டும் 1 மி.மீ.க்கு மேல் விலகினால் சத்தம் போடும், இன்னும் விலகினால் செயின் கழலும். ஃபிக்ஸடில் செயின் கழன்று பல்லில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இறுக்கம்: செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 1 செ.மீ. ஆட்டம். கிராங்கை மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் விறைக்கும், எதிர்ப்புறம் தொய்யும். மலிவு முன்பல் சரியான வட்டமாக இருக்காது. முன்பல் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினை இலேசாகத் தட்டினால் பல் நடுவுக்கு நகரும். பிறகு இறுக்குங்கள். விறைக்கும் இடத்தில் அளந்துதான் ஆட்டத்தை வைக்க வேண்டும். தொய்யும் இடத்தில் அளந்து வைத்தால் பேரிங் அரைபடும்.

பையில் 15 மி.மீ. ஸ்பானர் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாமல் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றவே முடியாது. திரும்ப மாட்டும்போது வலது நட்டைப் பாதி இறுக்கி, சக்கரத்தைக் கையால் பின்னுக்கு இழுத்து, டயர் இரு குழாய்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்து இடது நட்டை முழுதாக இறுக்குங்கள். பிறகு வலதை முடியுங்கள். வலது நட்டு தளர்வாக இருந்தால் மேடேறும்போது செயின் அந்தப் பக்கத்தை முன்னே இழுக்கும், டயர் இடது குழாயில் உரசி நிற்கும். அடிக்கடி அப்படி ஆனால் வலது பக்கம் அச்சைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு செயின் டக் மாட்டிவிடுங்கள்.